புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர் வடிகுழாயை நீக்கும் காலம்

புராஸ்டேட் சுரப்பியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் சிறுநீர்ப்பைக்குள் ஒரு வடிகுழாய் வைக்கப்படுகிறது. இது கதீட்டர் என்றும் பேச்சு வழக்கில் டியூப் என்றும் அழைக்கப்படுகிறது. இக்குழாய் எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும், எந்த நிலையில் அதை வெளியே எடுக்கலாம் என்பது அறுவைக்குப் பிந்தைய கவனிப்பில் முக்கியமான ஒரு முடிவாகும். அறுவையின் வகையைப் பொறுத்து இக்காலம் ஒரு நாளிலிருந்து மூன்று வாரம் வரை வேறுபடுகிறது. உரிய காலத்துக்கு முன் எடுத்தால் சிறுநீர் அடைப்பு, இரத்தக்கட்டி, தையல் கசிவு ஆகியவை நேரலாம். தேவைக்கு மேல் வைத்திருந்தால் நோய்த்தொற்றும் சிறுநீர்வழிப் புண்ணும் ஏற்படலாம்.

ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு இரண்டாம் நாளே குழாய் எடுக்கப்படுவதும், மற்றவர் குழாயுடனேயே வீட்டுக்கு அனுப்பப்படுவதும் வழக்கம். இருவருக்கும் நடந்தது "புராஸ்டேட் ஆபரேஷன்" என்றே சொல்லப்பட்டாலும், உடலுக்குள் செய்யப்பட்ட வேலை வேறு. குழாய்க்குத் தரப்பட்ட பணியும் வேறு. நாள் கணக்கு வேறுபடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சுரப்பியின் இடமும் அறுவை வகைகளும்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பியாகும். முன்னிற்கும் சுரப்பி என்பது இதன் தமிழ்ப் பெயர்களுள் ஒன்று. இது சிறுநீர்ப்பையின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, மலக்குடலுக்கு முன்புறம் அமைந்துள்ளது. இளைஞர்களிடம் இது ஏறக்குறைய 20 கிராம் எடையுடன் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். சிறுநீரை வெளியே கொண்டுசெல்லும் சிறுநீர்வழி இச்சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கிறது. அதனால் சுரப்பி பெருத்தாலும் அதில் கத்தி பட்டாலும் சிறுநீர் செல்லும் பாதையே பாதிக்கப்படுகிறது.

இச்சுரப்பியில் செய்யப்படும் அறுவைகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

முதல் பிரிவு, வயது முதிர்வினால் வரும் புற்றுநோயல்லாத வீக்கத்துக்குச் செய்யப்படுவது. இதில் சுரப்பியின் வெளி உறை அப்படியே விடப்பட்டு, உள்ளே அடைத்து நிற்கும் சதை மட்டும் அகற்றப்படுகிறது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சுளைகளை மட்டும் எடுப்பதற்கு இதை ஒப்பிடலாம். சிறுநீர்வழி ஊடாகக் கருவியைச் செலுத்திச் சதையைச் சீவி எடுக்கும் டி.யு.ஆர்.பி. முறை, லேசர் கொண்டு குடைந்தெடுக்கும் முறை, மிகப் பெரிய சுரப்பிகளுக்கு அடிவயிற்றைத் திறந்து செய்யும் முறை ஆகியவை இப்பிரிவைச் சேர்ந்தவை.

இரண்டாம் பிரிவு, புராஸ்டேட் புற்றுநோய்க்குச் செய்யப்படும் முழு நீக்க அறுவை. இதில் சுரப்பி உறையோடும் அதன் நடுவே செல்லும் சிறுநீர்வழிப் பகுதியோடும் முழுவதுமாக வெட்டி எடுக்கப்படுகிறது. இடையில் ஒரு துண்டு இல்லாமல் போவதால், சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கீழே இழுத்து, மீதமுள்ள சிறுநீர்வழியின் நுனியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இந்த இணைப்புத் தையலே இவ்வறுவையின் மிக நுட்பமான கட்டமாகும்.

வடிகுழாயின் அமைப்பு

இன்று பெரும்பாலும் பயன்படுவது ஃபோலி வடிகுழாய். ரப்பர் பால் அல்லது சிலிக்கோனால் ஆன இதன் நுனியருகே ஒரு சிறு பலூன் உண்டு. குழாய் சிறுநீர்ப்பைக்குள் சென்றதும், வெளியே உள்ள தனி வால்வு வழியாகக் கிருமி நீக்கிய நீரைச் செலுத்திப் பலூன் விரிக்கப்படுகிறது. விரிந்த பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தில் தங்கி நிற்பதால் குழாய் தானாக நழுவி வெளியே வராது. பலூனில் உப்புநீரை விட வெறும் நீரே விரும்பப்படுகிறது. உப்புநீர் நாளடைவில் படிகமாகி வால்வின் நுண்ணிய பாதையை அடைத்துவிடக்கூடும் என்பதே காரணம்.

குழாயின் பருமன் பிரெஞ்சு அளவில் குறிக்கப்படுகிறது. பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த ஷாரியே (1803–1876) வகுத்த அளவு இது. ஒரு பிரெஞ்சு அலகு என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 18 எண்ணுள்ள குழாயின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர். முழு நீக்க அறுவைக்குப் பின் 16 முதல் 20 வரையிலான எண்ணுள்ள குழாய்களும், சதையைச் சீவி எடுத்த பின் 20 முதல் 24 வரையிலான தடித்த குழாய்களும் வைக்கப்படுவது வழக்கம்.

சீவி எடுக்கும் அறுவைக்குப் பின் வைக்கப்படும் குழாயில் மூன்று வழிகள் இருக்கும். ஒன்று பலூனுக்கு, ஒன்று சிறுநீர் வெளியேற, மற்றொன்று உப்புநீர் உள்ளே செல்ல. மேலே தொங்கும் பையிலிருந்து உப்புநீர் இடைவிடாது சிறுநீர்ப்பைக்குள் சொட்டி, அங்குள்ள இரத்தத்தை உறைய விடாமல் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது.

ஒரே குழாய், இரண்டு வேலைகள்

வீக்கத்துக்கான அறுவையில் சதை அகற்றப்பட்ட இடம் ஒரு திறந்த புண்ணாக இருக்கும். அதில் தையல் இல்லை. அங்கிருந்து கசியும் இரத்தம் சிறுநீர்ப்பைக்குள் உறைந்தால், கட்டி வழியை அடைத்துக்கொள்ளும். எனவே இங்கே குழாயின் வேலை கழுவுவதும் வடிப்பதும், தேவைப்பட்டால் பலூனின் அழுத்தத்தால் இரத்தக் கசிவைக் குறைப்பதுமாகும். இரத்தக் கசிவு அடங்கியதும் இவ்வேலை முடிந்துவிடுகிறது. புண் முழுவதும் ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குழாய் தேவையில்லை.

முழு நீக்க அறுவையில் குழாய் இணைப்புத் தையலின் ஊடாகச் செல்கிறது. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டைப் போல, தைத்த இரு முனைகளும் நேராக நின்று ஒட்டுவதற்கு அது துணையாக இருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பி விரிந்தால் தையல் இழுபடும். சிறுநீர் தையலிடுக்கில் கசிந்தால் வயிற்றுக்குள் தேங்கும். குழாய் சிறுநீர்ப்பையை எப்போதும் காலியாக வைத்திருப்பதால் இவ்விரண்டும் தவிர்க்கப்படுகின்றன. இங்கே சிறுநீர் தெளிவாக வருகிறது என்பதற்காகக் குழாயை எடுத்துவிட முடியாது. திசு ஒட்டும் வரை காத்திருக்க வேண்டும்.

அறுவை வாரியாக நாள் கணக்கு

நாள்களை எண்ணும்போது அறுவை நடந்த நாள் பூச்சியமாகவும், மறுநாள் முதல் நாளாகவும் கொள்ளப்படுகிறது. வீட்டார் அறுவை நாளையும் சேர்த்து எண்ணுவதால் ஒரு நாள் வேறுபாடு வருவதுண்டு. கீழே தரப்படும் எண்கள் பொதுவான நடைமுறையைக் குறிப்பவை. ஒவ்வொரு நோயாளிக்கும் அறுவை செய்த மருத்துவரே நாளை முடிவு செய்கிறார்.

• டி.யு.ஆர்.பி.: பெரும்பாலும் 1 முதல் 3 நாள். உப்புநீர்க் கழுவலை நிறுத்திய பின்னும் சிறுநீர் தெளிவாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் குழாய் எடுக்கப்படும்.
• லேசர் கொண்டு குடைந்தெடுத்தல்: பெரும்பாலும் மறுநாள். லேசர் இரத்தக் குழாய்களை அவ்வப்போதே மூடிவிடுவதால் கசிவு குறைவு. தேர்ந்தெடுத்த சிலருக்கு அறுவை நாளிலேயே எடுக்கும் மையங்களும் உண்டு.
• வயிற்றைத் திறந்து வீக்கத்தை அகற்றுதல்: பொதுவாக 5 முதல் 7 நாள். இதில் சுரப்பியின் உறையிலோ சிறுநீர்ப்பைச் சுவரிலோ தையல் இருப்பதால் அது ஆறவும் காலம் வேண்டும்.
• புற்றுநோய்க்கான முழு நீக்கம்: பொதுவாக 7 முதல் 10 நாள். சில இடங்களில் 14 நாள்.
• கதிர்வீச்சு பெற்ற பின் செய்யப்படும் முழு நீக்கம்: 2 முதல் 3 வாரம் அல்லது அதற்கு மேல். கதிர்வீச்சுப் பட்ட திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் தையல் மெதுவாகவே ஒட்டும்.

அறுவையின்போது மலக்குடலில் காயம் பட்டு அது தைக்கப்பட்டிருந்தாலோ, இணைப்புத் தையல் இறுக்கமின்றி அமைந்ததாக மருத்துவர் கருதினாலோ காலம் நீட்டிக்கப்படும். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்ளும் இதய நோயாளிகளுக்கு, சீவி எடுக்கும் அறுவைக்குப் பின்னரும் கூடுதலாக ஓரிரு நாள் தேவைப்படலாம்.

காலம் குறைந்த வரலாறு

சிறுநீரை வடிக்கக் குழாய் செலுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. பொம்பெய் நகர இடிபாடுகளில் வளைந்த வெண்கலக் குழாய்கள் கிடைத்துள்ளன. கதீட்டர் என்ற சொல் "கீழே இறக்கு" எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. ஆனால் பழைய குழாய்கள் தாமாக உள்ளே நிற்பவை அல்ல. அவற்றைத் தொடையிலோ உறுப்பிலோ கட்டி வைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கச் சிறுநீரகவியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி 1930களில் வடிவமைத்த பலூன் குழாய் இந்நிலையை மாற்றியது. இன்று எல்லா வகை நோயாளிகளுக்கும் பயன்படும் அக்குழாய், புராஸ்டேட் சதையைச் சீவி எடுத்த பின் ஏற்படும் இரத்தப்போக்கை அடக்கவும் தொடர்ந்து வடிக்கவும் என்றே உருவாக்கப்பட்டது. 1937இல் வெளியான அவரது கட்டுரை இந்த நோக்கத்தைத் தலைப்பிலேயே குறிப்பிட்டது.

புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக நீக்கும் அறுவையை 1904இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த பாட்ரிக் வால்ஷ், 1982இல் நரம்புகளைக் காத்துச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இம்முறையில் இரத்த இழப்பும் குறைந்ததால், இணைப்புத் தையலை மருத்துவர் நன்றாகப் பார்த்துப் போட முடிந்தது. அப்போதும் குழாயை 2 முதல் 3 வாரம் வைத்திருப்பதே வழக்கமாக இருந்தது.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் ரோபோ உதவியுடன் இவ்வறுவை செய்யப்பட்டது. பெரிதாக்கிக் காட்டும் கேமராவும் நுண்ணிய கருவிகளும் வந்த பின், தனித்தனி முடிச்சுகளுக்குப் பதிலாக ஒரே நூலால் சுற்றிலும் தொடர்ந்து தைக்கும் முறை பரவியது. நீர் புகாத இத்தையலால் குழாய்க் காலம் ஒரு வாரமளவுக்குக் குறைந்தது.

இதனினும் குறைத்து 3 அல்லது 4ஆம் நாளிலேயே எடுக்க முடியுமா என்பதும் ஆராயப்பட்டது. சாயப்படம் எடுத்துக் கசிவில்லை என உறுதி செய்தவர்களிடம் பெரும்பாலும் இது இயன்றது. ஆனால் அவ்வளவு விரைவில் எடுத்தவர்களிடையே சிறுநீர் அடைபட்டு மறுபடியும் குழாய் வைக்க வேண்டிய நிலை அதிகமாகக் காணப்பட்டது. தையல் ஒட்டியிருந்தாலும், அதைச் சுற்றியுள்ள திசு வீக்கம் வடியாததே காரணம். ஒரு வாரம் என்ற கணக்கு பல இடங்களில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முன்கூட்டியே எடுத்தால்

வீக்கத்துக்கான அறுவையில் இரத்தக் கசிவு அடங்கும் முன் குழாயை எடுத்தால், உறைந்த கட்டிகள் சிறுநீர்வழியை அடைத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பை நிரம்பிக் கடும் வலி உண்டாகும். மீண்டும் தடித்த குழாய் செலுத்திக் கட்டிகளைக் கழுவி எடுக்க வேண்டும். சில வேளை நோயாளியை மறுபடியும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்ல நேரும்.

முழு நீக்க அறுவையில் முன்கூட்டி எடுப்பதன் விளைவு இன்னும் கடுமையானது. தையல் வழியே சிறுநீர் கசிந்து இடுப்புக்குழியில் தேங்கலாம். தொடர்ந்து கசியும் இடம் தழும்பாகிச் சுருங்கி, பின்னாளில் சிறுநீர்ப்பைக் கழுத்தையே குறுகலாக்கிவிடக்கூடும்.

தாமதித்தால்

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. ஒரு மாதம் வைத்திருந்தால் ஏறக்குறைய அனைவரிடமும் பாக்டீரியா காணப்படும். இவை குழாயின் சுவரில் ஒட்டி, பாசி படிவதைப் போல ஒரு படலத்தை உருவாக்குகின்றன. அப்படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை மருந்து எளிதில் எட்டுவதில்லை. குழாயை எடுப்பதே அதற்கான நேரடித் தீர்வு.

சிறுநீரில் பாக்டீரியா இருப்பது வேறு, நோய்த்தொற்று வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி போன்றவை இல்லாத நிலையில், குழாய் உள்ளவரின் சிறுநீரில் பாக்டீரியா இருப்பதற்காக மட்டும் பொதுவாக மருந்து தரப்படுவதில்லை.

இவை தவிர, குழாய் உரசுவதால் சிறுநீர்வழியின் உள்தோல் புண்ணாகிப் பின்னர் சுருக்கம் ஏற்படலாம். பலூன் சிறுநீர்ப்பையை உறுத்துவதால் திடீர் இசிவும், குழாயின் ஓரமாகச் சிறுநீர் ஒழுகுவதும் உண்டு. முதியவர்கள் குழாயைக் காரணமாக வைத்துப் படுத்தே இருந்தால், காலில் இரத்தம் உறைவது போன்ற வேறு சிக்கல்களும் தோன்றும்.

எடுக்கும் முன் பார்க்கப்படுபவை

வீக்கத்துக்கான அறுவைக்குப் பின் முதன்மையாகப் பார்க்கப்படுவது சிறுநீரின் நிறம். உப்புநீர்க் கழுவலை நிறுத்திச் சில மணி நேரம் கவனிக்கப்படும். நிறம் மறுபடி அடர்சிவப்பாகாமல் இருக்க வேண்டும். காய்ச்சல் இல்லாமை, நோயாளி எழுந்து நடமாடும் நிலை, மலச்சிக்கல் இல்லாமை ஆகியவையும் கருதப்படும். மலக்குடல் நிறைந்திருந்தால் அது சிறுநீர் வெளியேறுவதைத் தடுக்கும் என்பதால் இறுதிக் காரணம் சிறியதன்று.

முழு நீக்க அறுவைக்குப் பின் தேவைப்பட்டால் சாயப்படம் எடுக்கப்படும். குழாய் வழியே எக்ஸ்-கதிரில் தெரியும் சாயத்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, இணைப்பு இடத்தில் அது வெளியே கசிகிறதா எனப் பார்ப்பதே இச்சோதனை. கசிவு இருந்தால் குழாய் இன்னும் சில நாள்களோ ஒரு வாரமோ விடப்பட்டு, மறுபடி படம் எடுக்கப்படும். பெரும்பாலான கசிவுகள் இவ்வாறு காத்திருப்பதாலேயே மூடிக்கொள்கின்றன. தையல் நன்றாக அமைந்து ஒரு வாரமும் கடந்தவர்களுக்கு எல்லா மருத்துவமனைகளிலும் இப்படம் எடுக்கப்படுவதில்லை.

நோயாளியின் சிறுநீர்ப்பையின் வலிமையும் கணக்கில் கொள்ளப்படும். அறுவைக்கு முன் நெடுநாள் அடைப்பினால் ஒரு லிட்டருக்கும் மேல் சிறுநீர் தேங்கியிருந்தவர்களின் சிறுநீர்ப்பைத் தசை, அளவுக்கு மீறி நீண்ட ரப்பர் பட்டையைப் போலத் தளர்ந்திருக்கும். நெடுங்கால நீரிழிவு நோயாளிகளிடமும் இத்தளர்ச்சி காணப்படும். அடைப்பு நீங்கினாலும் இவர்களால் உடனே சிறுநீரை முழுதாக வெளியேற்ற முடியாமல் போகலாம்.

நீக்கும் முறை

குழாயை நீக்குவது சில நிமிடங்களில் முடிகிற, மயக்க மருந்து தேவைப்படாத செயலாகும். ஊசியில்லாத சிரிஞ்சை வால்வில் பொருத்திப் பலூனில் உள்ள நீர் முழுவதும் வெளியேற்றப்படும். செலுத்திய அளவு நீர் திரும்ப வந்துவிட்டதா என்பது சரிபார்க்கப்படும். நோயாளி மூச்சை மெதுவாக விடும்போது குழாய் இழுக்கப்படும். சில நொடி எரிச்சலோடு அது வெளியே வந்துவிடும். பலூனைச் சுருக்காமல் இழுத்தால் சிறுநீர்வழி கிழிந்துவிடும். வால்வைக் கத்தரித்துப் பலூனைச் சுருக்க முயல்வதும் தவறு. நீர் வெளியேறாமல் குழாய் உள்ளேயே சிக்கிக்கொள்ள அது இடம் தரும்.

சில மருத்துவமனைகளில் எடுப்பதற்கு முன் குழாய் வழியே 200 முதல் 300 மில்லி லிட்டர் உப்புநீர் செலுத்தப்பட்டு, பின் குழாய் எடுக்கப்படும். நோயாளி உடனே சிறுநீர் கழித்துக் காட்ட முடிவதால் காத்திருக்கும் நேரம் குறைகிறது.

எடுக்கும் வேளையாகக் காலையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சிக்கல் ஏதும் வந்தால் பகல் பொழுதில் மருத்துவர்கள் அருகில் இருப்பார்கள். நள்ளிரவில் எடுத்தால் நோயாளி உறங்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பி, முதல் முறை கூடுதலான அளவு சிறுநீர் வெளியேறுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே இரவில் எடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு.

எடுக்கும் வேளையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தர வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அவ்வாறு தருவதால் தொற்று குறைகிறது என்றும், ஒருவருக்குத் தொற்றைத் தடுக்க 17 பேருக்கு மருந்து தர வேண்டும் என்றும் கணக்கிட்டது. எல்லோருக்கும் தருவது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் என்ற எதிர்வாதமும் வலுவாக உள்ளது. ஆகவே தொற்று வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு மட்டும் தரும் போக்கு காணப்படுகிறது.

நீக்கிய பின்

குழாய் எடுக்கப்பட்ட நாளில் நோயாளி ஒவ்வொரு முறையும் ஓர் அளவுக் குவளையில் சிறுநீர் கழிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுவார். பின்னர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூலம் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மீதம் நிற்கிறது என்று பார்க்கப்படும். மீதம் 100 முதல் 150 மில்லி லிட்டருக்குள் இருந்தால் தேர்ச்சி என்றே பொதுவாகக் கொள்ளப்படும். தண்ணீரை அளவோடு, சீராகக் குடிக்க வேண்டும். விரைவில் சிறுநீர் வர வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பது, சிறுநீர்ப்பையைத் திடீரென நிரப்பித் தசையைத் தளரச் செய்யும்.

முதல் சில நாள்களுக்கு எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, சற்றே இரத்தம் கலந்த நிறம் ஆகியவை இயல்பானவை. சீவி எடுத்தவர்களுக்கு இரண்டு வாரம் அளவில், புண்ணின் மேல் படிந்த பொருக்கு உதிரும்போது மறுபடியும் சிவப்பு தெரியலாம். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதுவரை பாரம் தூக்குவதும் மலம் கழிக்க முக்குவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

முழு நீக்கம் செய்துகொண்டவர்களுக்குக் குழாய் எடுத்ததும் சிறுநீர் அடங்காமல் ஒழுகுவது பொதுவானது. சிறுநீரை அடக்குவதில் பங்கு கொண்டிருந்த திசுவின் ஒரு பகுதி சுரப்பியோடு போய்விட்டதால், எஞ்சிய சுருக்குத் தசை தனியே அவ்வேலையைப் பழகிக்கொள்ள வேண்டியுள்ளது. இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி இதற்கு உதவும். இப்பயிற்சியைக் குழாய் உள்ளே இருக்கும்போது செய்யாமல், எடுத்த பின் தொடங்குவதே வழக்கம். பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் முதல் ஓராண்டுக்குள் அடக்கும் திறன் திரும்புகிறது. முதல் நாள் ஒழுக்கைக் கண்டு அறுவை தோற்றுவிட்டது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

சிறுநீர் வெளியேறாவிட்டால்

குழாய் எடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ, அதற்கு முன்னரே அடிவயிறு உப்பி வலித்தாலோ மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். வீக்கத்துக்கான அறுவை செய்தவர்களுக்கு மறுபடி குழாய் வைத்து, சில நாள்களோ ஒரு வாரமோ கழித்து மீண்டும் முயல்வார்கள். சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்துகளும் தரப்படலாம். முதல் முயற்சியில் முடியாத பலருக்கு இரண்டாம் முயற்சியில் இயல்பாகிவிடுகிறது. சிறுநீர்ப்பை தளர்ந்தவர்களுக்கு, நாள்தோறும் சிலமுறை தாமே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிடும் முறை கற்றுத்தரப்படும்.

முழு நீக்க அறுவை செய்தவர்களிடம் இந்நிலை மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டியதாகும். ஆறிக்கொண்டிருக்கும் இணைப்புத் தையலின் வழியே, அறுவை விவரம் அறியாதவர் வழக்கமான முறையில் குழாயை அழுத்திச் செருகினால், அதன் நுனி தையலைப் பிரித்துக்கொண்டு வேறு வழியில் சென்றுவிடும். எனவே சிறுநீரகவியல் அறுவை மருத்துவரே, தேவைப்பட்டால் உள்நோக்கியால் பார்த்தபடி, குழாயை வைக்க வேண்டும். குறித்த நாளுக்கு முன் குழாய் தற்செயலாகக் கழன்று விழுந்தாலும் இதே விதி பொருந்தும்.

குழாயுடன் வீடு திரும்புவோர்

நகரத்து மருத்துவமனையில் அறுவை முடிந்து சொந்த ஊர் திரும்புபவர்கள், அருகிலுள்ள மருத்துவமனையில் குழாயை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதுண்டு. வீக்கத்துக்கான அறுவையில் மருத்துவர் அனுமதித்தால் இது இயலும். முழு நீக்க அறுவையில், எடுத்த பின் அடைப்பு ஏற்பட்டால் கவனிக்கத் தகுந்த மருத்துவர் அங்கே இருக்க வேண்டும். செய்யப்பட்ட அறுவையின் பெயர், அறுவை நாள், குழாயின் எண், பலூனில் உள்ள நீரின் அளவு, எடுக்க வேண்டிய நாள், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டுள்ளனவா என்று புறப்படும் முன் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது.
• குழாயைத் தொடையில் பிளாஸ்திரியால் தளர்வாக ஒட்டி வைத்தால் இழுபடாது. தளர்ந்த வேட்டி அல்லது கைலி வசதியானது.
• நாள்தோறும் இருமுறை சோப்பும் நீரும் கொண்டு குழாய் வெளிவரும் இடத்தைத் துடைக்க வேண்டும். குளிக்கலாம்.
• பை முக்கால் பங்கு நிரம்பும் முன் காலி செய்ய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.
• குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைத் தேவையின்றிக் கழற்றக் கூடாது.

பையில் சிறுநீர் சேர்வது நின்றுபோதல், பெரிய இரத்தக்கட்டிகள், காய்ச்சலோடு குளிர் நடுக்கம், தாங்க முடியாத அடிவயிற்று வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால், குறித்த நாள் வரை காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவமனையை உடனே அணுக வேண்டும். இவை இல்லாதபோது, மற்றவருக்கு முன்னதாக எடுத்துவிட்டார்கள் என்பதற்காக அவசரப்படுவதும், அச்சத்தால் குறித்த நாளைத் தள்ளிப்போடுவதும் நோயாளிக்கு நன்மை தருவதில்லை.